சீருடைப் பையில் ஒரு நாள்

ராஜபாளையம் வட்டாரம் உலகத்துக்குக் கொடுத்தவை எவை என்று என்னைக் கேட்டால் இரண்டைச் சொல்வேன். ஒன்று நாய். மற்றது பேண்டேஜ் துணி. நாயைத் தபால்தலையில் போட்டார்கள். பேண்டேஜை யாரும் எதிலும் போடவில்லை. காயம் ஆறும்வரை கட்டியிருப்பார்கள். ஆறியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கி எறிவார்கள். இராணுவ மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு ஆயுள் முழுக்க நர்ஸாக இருந்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து உட்கார்ந்திருக்கும் நான் இதில் எந்த வகை என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

எங்கள் தெருவில் என் பெயர் 'பிரஷர் பாக்குற மிலிட்டரிக்காரம்மா'. லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றேன் என்று ஒருமுறை பக்கத்து வீட்டில் சொன்னேன். "அப்பம் சர்க்கரையும் பாப்பியளா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து அதையும் பார்க்கிறேன்.

ஆகவே சென்ற மாதம் சுபேதார் இருளப்பன் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருளப்பன் ராஜபாளையத்தில் முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றை நடத்துபவர். பட்டாளத்தை விட்டு வந்து பல வருடம் ஆகியும் போனில் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுவாராம். அவர் மனைவி சொன்னது.

"கோமதி மேடம், இந்த வருசம் நம்ம சங்கத்துல நர்ஸுகளக் கௌரவிக்கிறோம். அதுவும் ஐ.சி.யூ. நர்ஸுக. எம்புட்டு நாளைக்குத்தான் துப்பாக்கி பிடிச்சவனுக்கே பொன்னாட போத்துறது? நீங்கதான் மேடம் மொத ஆளு."

"மொத்தம் எத்தன ஆளு?"

"இப்போதைக்கு நீங்க மட்டுந்தான். தேடிக்கிட்டிருக்கோம்."

விழா மலருக்கு நான் ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டும் என்றார். "வீரமா இருக்கட்டும் மேடம். அழுக வேண்டாம். விளம்பரம் குடுத்தவிய வருத்தப்படுவாக." சரி என்றேன். கடைசியாக, போனை வைக்கிற நேரத்தில், போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னார்: "பொன்னாட போத்துறதுக்கு வீர மரணம் அடைஞ்சவிய குடும்பத்துல இருந்து ஆளக் கூப்புடுறோம். ஒங்களுக்கு, தளவாய்புரத்து நாயக் காளிராஜ் இருந்தாருல்ல, அவரு தங்கச்சி முத்துலட்சுமி. பக்கத்து ஊருதான, பொருத்தமா இருக்கும்னு நாந்தான் போட்டேன்."

"வேற யாரையாவது போடக் கூடாதா?"

"ஏன் மேடம், வேண்டாத ஆளா?"

வேண்டாத ஆள் அவளல்ல, நான் என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை. "இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டேன். பொருத்தம் என்று இருளப்பன் சொன்னாரே, அதில் மட்டும் அவர் தவறவே இல்லை.

அதனால் இந்தக் கட்டுரை வீரமாக இருக்காது. விளம்பரம் கொடுத்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பேருந்தில் மதுரை தாண்டாதவள் ரயிலேறிப் போனேன். முதல் வருடம் படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்டேன், இரண்டாம் வருடம் ஊசி, மூன்றாம் வருடம் இந்தி, நான்காம் வருடம் அழாமல் இருக்க. நான்காவதில் மட்டும் முதல் மாணவி. தோளில் நட்சத்திரம் குத்தியபோது இனி எல்லாரும் எனக்கு சல்யூட் அடிப்பார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் "சிஸ்டர், பெட் பான்" என்றார்கள்.

வேலையைக் கற்றுக்கொண்டது கேப்டனாக வடக்கே ஒரு பெரிய மருத்துவமனைக்கு மாற்றலாகிப் போன பிறகுதான். கற்றுக்கொடுத்தவர் மேட்ரன் அச்சம்மா. கோட்டயம் பக்கத்துக்காரர், லெப்டினன்ட் கர்னல், ஐந்தடிக்கும் குறைவான உயரம். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார், குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வந்தால் எல்லாரும் மானிட்டரைத்தான் பார்ப்போம். அதுதான் மினுக்குகிறது, கத்துகிறது. மேட்ரன் நேரே படுக்கையின் கால்மாட்டுக்குப் போவார். போர்வையை விலக்கி, தன் புறங்கையை நோயாளியின் பாதத்தில் வைப்பார். உள்ளங்கையை அல்ல, உள்ளங்கை நம்முடைய சூட்டையே நமக்குச் சொல்லும் என்பார். பாதம் குளிர்ந்திருந்தால் இரத்தம் அங்கே வரை போய்ச் சேரவில்லை என்று பொருள். மானிட்டருக்கு அது தெரிய இன்னும் நேரம் இருக்கும். பாதத்தைத் தொட்டு, மணிக்கொருதரம் பிடிக்கிற சிறுநீரின் அளவைப் பார்த்து, அதன் பிறகுதான் தலையைத் தூக்கி மானிட்டரைப் பார்ப்பார், போனால் போகிறதென்று.

ஒரு ஷிஃப்டிலிருந்து அடுத்த ஷிஃப்டுக்கு நோயாளிகளை ஒப்படைக்கும்போது அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நாம் படுக்கையருகே நின்று, கொடுத்த மருந்து, ஏற்றிய ட்ரிப்ஸ் என்று அடுக்க ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "செய்தது சார்ட்டில் இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியும். செய்யாததைச் சொல்." தர வேண்டிய மருந்தைத் தராமல் விட்டாயா, திருப்பிப் படுக்க வைக்க மறந்தாயா, அதுதான் முதலில். ஒன்றும் இல்லை என்றால் "செய்யாதது ஒன்றும் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது சத்தியம் மாதிரி.

இன்னொன்றும் உண்டு. மூச்சுக்குழாயில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்துவிட்டால் நோயாளியால் பேச முடியாது. சிலருக்கு அதன் பிறகு பேச வாய்ப்பே வராது. அதனால் குழாய் போடுவதற்கு முன் அவன் கடைசியாக என்ன சொன்னானோ, அது கெட்ட வார்த்தையாகவே இருந்தாலும், நேரம் போட்டு அப்படியே சார்ட்டில் எழுத வேண்டும். "பின்னால் யாராவது வந்து கேட்பார்கள். கேட்காமல் இருக்க மாட்டார்கள்" என்பார்.

அங்கே போய் இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நாயக் பதவியிலிருந்த காளிராஜ் வந்தான். மலைமேல் ஒரு முகாமில் கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து, முகத்திலிருந்து தொடைவரை சுட்டிருந்தது. பூட்ஸ் போட்டிருந்ததால் பாதம் இரண்டும் தப்பியிருந்தன. ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். தீக்காயக்காரர்களைப் பற்றித் தெரியாதவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்: முதல் நாள் நன்றாகப் பேசுவார்கள். தண்ணீர் கேட்பார்கள், சண்டை போடுவார்கள், உயிருக்கு ஆபத்து என்று யாரும் நம்ப முடியாதபடி இருப்பார்கள்.

நான் இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டே பழைய துணியை வெட்டி எடுத்தேன். "யாத்தே!" என்றான்.

என் கத்தரி நின்றுவிட்டது. "ஏலே, எந்த ஊருலே நீ?"

வீங்கிய கண்ணைத் திறக்கப் பார்த்தான். "தளவாய்புரம்க்கா. நீங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்."

"அப்பம் பால்கோவா வச்சிருப்பியள்ல."

உடம்பில் பாதி வெந்து கிடக்கிறவன் கேட்கிற கேள்வி. பட்டாளத்தில் நான் போன இடமெல்லாம் இதே கேள்விதான். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக, ஏன் ஒரு டப்பா வைத்திருக்கவில்லை என்று வருத்தப்பட்டேன்.

புதிய கட்டுப் போடுவதற்குத் துணிச் சுருளைப் பிரித்தேன். உறையில், ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சத்திரப்பட்டியின் பெயர் அச்சடித்திருந்தது. அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் சிரிக்க முயன்று வலியில் நிறுத்திக்கொண்டான். "எந்தங்கச்சி அங்கதான் பேண்டேஜ் கம்பெனில துணி மடிக்கா. நல்லாப் பாருங்கக்கா, மடிப்பு கோணலா இருந்தா அவதான். முத்துலச்சுமி. நேரா மடிக்கவே வராது அவளுக்கு."

பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. கோணல் என்று சொன்னேன்.

அன்று மாலை மேட்ரன் வந்து அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டார். "உன் ஊர்க்காரனா? வேறு ஆளைப் போடட்டுமா?"

"வேண்டாம் மேடம். நானே பார்த்துக்கொள்கிறேன்."

"ஊர்க்காரனைப் பார்க்கும்போது நர்ஸ் பாதிதான் இருப்பாள்" என்றார். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். என்னுடைய நகைச்சுவை உணர்ச்சி என்னைப் பல இடங்களில் கைவிட்டிருக்கிறது. அது ஓர் இடம்.

அவனுடைய கதை ஒரு நாளில் எனக்கு மனப்பாடம் ஆயிற்று. தகப்பனார் இல்லை. தங்கைக்கு வியாழக்கிழமை கல்யாணம். லீவு கிடைக்கவில்லை என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தான். "ஒத்த ஆம்பளப் பிள்ளைக்கு லீவு குடுக்காத பட்டாளம் என்ன பட்டாளம்" என்று அம்மா ஒரு வாரமாகப் போனில் ஏசிக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தீப்பட்டது வீட்டில் யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை மதியத்துக்குமேல் அவன் குரல் கம்மியது. தொண்டை உள்ளுக்குள் வீங்குகிறது என்று அர்த்தம். மயக்க மருந்து டாக்டர் பார்த்துவிட்டு, உடனே குழாய் போட வேண்டும் என்றார். கூடவே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு சிப்பாய் பிழைப்பது சந்தேகம் என்று டாக்டருக்குத் தோன்றினால் அவன் பெயரை அபாய நிலைப் பட்டியலில் சேர்ப்பார். நாங்கள் வெறுமனே 'லிஸ்ட்' என்போம். அந்தத் தாள் ஆபீஸுக்குப் போனதும் அங்கிருந்து அவன் படைப்பிரிவுக்கும் ஊர்க் காவல் நிலையத்துக்கும் செய்தி போகும். வீட்டார் புறப்பட்டு வர ரயில் பாஸ் கிடைக்கும். டாக்டரின் வேலை கையெழுத்து. அதை ஆபீஸ் ஆளிடம் சேர்ப்பது சிஸ்டரின் வேலை. நர்ஸ் வேலையிலேயே இதைவிட எளிதான வேலை கிடையாது. ஒரு தாளைக் கையை நீட்டிக் கொடுக்க வேண்டும்.

டாக்டர் குழாயைத் தயார் செய்துகொண்டிருந்தார். காளிராஜ் என் கையைத் தேடினான். அவன் கையில் பிடிக்க இடமில்லாததால் நான் அவன் முகத்தருகே குனிந்தேன். தாள் என் கையில் இருந்ததை அவன் பார்த்துவிட்டான். பட்டாளத்துக்காரனுக்கு அது என்ன தாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, நாளைக்குப் பத்தரைக்கு முகூர்த்தம். இந்தச் சேதி போச்சுன்னா கல்யாணத்த நிறுத்திப்புடுவாக. ஒரு நாளு பொறுங்க. தாலி ஏறட்டும்."

"சரிலே" என்றேன்.

சரி என்று சொன்னது கேப்டன் அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எங்கள் பக்கம் கல்யாணப் பந்தலுக்கு எழவுச் சேதி வந்தால், கொண்டுவந்தவனைத் தெருமுனையிலேயே நிறுத்தி வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, மூன்று முடிச்சு விழுந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். சின்ன வயதில் இரண்டு கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். அதை நாங்கள் பொய் என்று நினைப்பதில்லை, மரியாதை என்று நினைக்கிறோம். நான் அந்தத் தாளை நாலாக மடித்துச் சீருடைப் பைக்குள் வைத்தபோது தெருமுனையில் நிற்கிற பெரிய மனுஷியாகத்தான் என்னை நினைத்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு ஆபீஸ் ஆள் வந்தான். மற்ற தாள்களைக் கொடுத்து அனுப்பினேன்.

அவன் கடைசியாகச் சொன்னதைச் சார்ட்டில் எழுதவில்லை. எழுதினால் தாள் எங்கே என்று கேள்வி வரும். அன்று சாயந்திரம் ஒப்படைக்கும்போது, "செய்யாதது ஒன்றும் இல்லை" என்றேன்.

வியாழக்கிழமை காலை டியூட்டியில் நின்றுகொண்டு, சுவர்க் கடிகாரத்திலேயே கல்யாணம் முழுவதையும் நடத்தி முடித்தேன். பத்தரைக்குத் தாலி கட்ட வைத்தேன். முதல் பந்தி, இரண்டாம் பந்தி, வெற்றிலை பாக்கு. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வைக்கவும் நேரம் கொடுத்தேன். மதியம் இரண்டரைக்குத் தாளை விரித்து, மடிப்பை நீவிவிட்டு, ஆபீஸுக்கு அனுப்பினேன். பெரிய காரியம் செய்த திருப்தி. அன்றைக்குச் சாப்பாடுகூட இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கிற்று என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

அவன் சனிக்கிழமை மாலை இறந்தான். அன்று மதியமே மேட்ரன் பாதத்தைத் தொட்டுவிட்டு மானிட்டரை நிமிர்ந்து பார்க்காமல் போனார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் அம்மாவும் தாய்மாமனும் ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிறு காலை வந்து சேர்வார்கள். ஒரு நாள் முன்னால் செய்தி போயிருந்தால் சனிக்கிழமை காலையில் வந்திருப்பார்கள். அவனுக்கு நினைவு இருந்திருக்காதுதான். ஆனால் பாதம் சூடாக இருந்திருக்கும்.

இறந்தவனின் தாள்களை வரிசைப்படுத்திக் கட்டுவது மேட்ரனின் வேலை. அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. டாக்டர் கையெழுத்தில் புதன்கிழமை என்று இருந்தது; ஆபீஸ் முத்திரையில் வியாழக்கிழமை. போதாததற்கு, நான் என்னதான் நீவியும், நாலு மடிப்பின் தடம் போகவில்லை.

"எங்கே இருந்தது?"

"என் பையில்."

"யாருக்காக?"

"அவன் கேட்டான் மேடம். அவனுக்காகத்தான்."

அந்தத் தாளை மேசைமேல் வைத்து விரலால் மடிப்பை ஒருமுறை தடவினார். "அவனுக்காக என்றால் சார்ட்டில் எழுதியிருப்பாய். எழுதாமல் செய்வதெல்லாம் நமக்காகச் செய்வது." பிறகு சொன்னார்: "நாளைக்கு அவன் அம்மா வருகிறார். இங்கே தமிழ் உனக்குத்தான் தெரியும். நீயே சொல். அதற்கப்புறம் நான் மேலே எழுதி அனுப்புகிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தார். முகத்தைக் காட்ட முடியாது. மேட்ரன் கால்மாட்டுத் துணியை மட்டும் விலக்கி வைத்திருந்தார். அந்த அம்மா மகனுடைய இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என் பேச்சைக் கேட்டு, நம்ம பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, சேதி எப்பம்மா விட்டிய? செத்த முன்னாடி விட்டிருந்தா எம்பிள்ளய உசுரோட பாத்திருப்பேன்லம்மா."

இரண்டடி தள்ளி மேட்ரன் நின்றுகொண்டிருந்தார். இதுதான் அந்த இடம். நான் வாயைத் திறந்தேன்.

"ஆபீஸ்ல தாமதமாயிருச்சும்மா."

"வெளங்குவானா அந்த ஆபீஸ்காரன்!" என்றார் அந்த அம்மா. அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதார். "நீயாவது பக்கத்துல இருந்தியே தாயி, அது போதும்" என்று என் இரண்டு கன்னத்தையும் தடவித் திருஷ்டி கழித்தார்.

மலையாளக்காரர் என்றாலும் எங்கள் பக்கத்துப் பேச்சு பிடிபடாத மேட்ரன் பார்த்தது இவ்வளவுதான்: நான் ஏதோ சொன்னேன், அந்த அம்மா கதறினார், பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். வராந்தாவில் என்னைக் கேட்டார்: "சொல்லிவிட்டாயா?"

"சொல்லிவிட்டேன் மேடம்."

மேட்ரனின் கண் கலங்கியிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி நான் பார்த்ததில்லை. "அவரே மன்னித்துவிட்டார் என்றால் நான் எழுத என்ன இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். என் ஏட்டில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழவில்லை. அடுத்த வருடம் நல்ல சேவைக்கென்று எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். பரிந்துரைத்தவர் மேட்ரன் அச்சம்மா.

ஆபீஸில் இருந்த கிளார்க் ஒரு ஒடியாக்காரர். முத்திரை குத்துவதில் ஒரு நிமிடம் பிந்தாத மனிதர். அதன் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு வணக்கம் சொல்வேன். என்ன மரியாதை தெரிந்த கேப்டன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மேட்ரன் சில வருடங்களுக்கு முன் கோட்டயத்தில் காலமானார். காளிராஜின் அம்மாவும் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். நாட்டின் நான்கு மூலைக்கும் மாற்றலாகிப் போனவள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறித் தளவாய்புரம் போக இருபது வருடம் எடுத்துக்கொண்டேன். இருளப்பன் போன் செய்யாவிட்டால் இன்னும் இருபது வருடம் எடுத்திருப்பேன்.

முத்துலட்சுமியைக் கட்டிக்கொடுத்தது செட்டியார்பட்டியில் என்று தளவாய்புரத்தில் விசாரித்தபோது தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். நாற்பது தாண்டிய பெண். முன்னறையில் தரையில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மடிப்பெல்லாம் நேர்கோடு போட்டது போல இருந்தது. 'விழாவுக்கு வருகிற மிலிட்டரி நர்ஸ்' என்று சொன்னதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. ஒங்களுக்குத்தான் பொன்னாட போத்தணும்னு சுபேதார் சொன்னாக. நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

நான் பதில் சொல்லுமுன் உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. "யாரு, மிலிட்டரி நர்ஸா? எனக்குப் பிரஷர் பாக்கச் சொல்லு!"

அவள் மாமியார். என் கைப்பையில் அந்தக் கருவி எப்போதும் இருக்கும். எனக்கும் பேச்சைத் தள்ளிப்போட ஒரு சாக்கு. கிழவியின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் இவ வந்த நேரந்தாம்மா" என்று கிழவி ஆரம்பித்தார், என்னவோ மருத்துவக் குறிப்பு சொல்வதைப் போல. "வலது கால எடுத்து வச்சு உள்ள வாரா, பால் பழங்கூடக் குடுக்கல, இவ ஆத்தாளத் தேடிப் போலீஸ்காரன் வந்து நிக்கான், அண்ணன்காரன் சாகக் கெடக்கான்னு. மாலகூட வாடலம்மா. அன்னைக்கு ஏறுன பிரஷரு எனக்கு."

முத்துலட்சுமி துணியை மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "இருவது வருசமா இதே பாட்டுத்தாங்க்கா" என்றாள்.

பட்டையிலிருந்து காற்று சீறிக்கொண்டு இறங்கியது. இரண்டரை மணி என்று நான் பார்த்துப் பார்த்துக் குறித்த நேரம் எங்கே போய் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் நாளே சேதி வந்திருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். எல்லாரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டிருப்பார்கள். வேறொரு நல்ல நாளில் தாலி ஏறியிருக்கும். முடிச்சு விழட்டும் என்று காத்திருந்து, சரியாக அவள் புது வீட்டு வாசலில் கால் வைக்கிற நேரத்துக்கு அந்தச் சேதியைக் கொண்டுவந்து அவள் தலையில் இறக்கியவள் நான்.

"ஆச்சி" என்றேன். "அன்னைக்குச் சேதி வந்தது இவளால இல்ல. என்னால. முந்துன நாளே அனுப்பியிருக்கணும். நான் பைக்குள்ள வச்சிருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டது, நான் தாளை மடித்தது, அவள் அம்மாவிடம் சொன்ன பொய். கிழவிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பட்டை கட்டிய கையை நீட்டியபடியே இருந்தார். முத்துலட்சுமியின் கை மடிப்பின் நடுவில் நின்றிருந்தது.

"அவங் கேட்டானா? அவன் வாயால?"

"ஆமா."

"எங்க எழுதி வச்சிருக்கு?"

"எழுதல."

மேட்ரன் சொன்னது சரிதான். வந்து கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

"அவன் சின்னப்பய. உசுரு போற நேரத்துல எதையும் கேப்பான். நீங்க படிச்சவிய, ஆபீசரு, நீங்க அதக் கேட்டு நடக்கலாமாக்கா?" குரலை அவளும் உயர்த்தவில்லை. "எங்கம்மா சாகுற வரைக்கும் அந்த ஆபீஸ்காரனத்தான் ஏசுனா. அவம் பிள்ளகுட்டி வெளங்காதுன்னு மண்ண வாரித் தூத்துனா. அவன் யாரு பெத்த பிள்ளையோ, பாவம்."

கிழவியின் பட்டையைக் கழற்றினேன். "எம்புட்டு இருக்கு?" என்றார் கிழவி. பார்க்க மறந்துவிட்டிருந்தேன்.

நான் கிளம்பும்போது முத்துலட்சுமி வாசல்வரை வந்தாள். "பொன்னாட நான் போத்த மாட்டேன்" என்றாள்.

"சரி."

"ஆனா வருவேன். முன் வரிசையில உக்காந்திருப்பேன். எங்க அத்தையையும் ஆட்டோவுல கூட்டிட்டு வாரேன். பொஸ்தகம் போடுறாகளாம்ல? அதுல எழுதுங்க. அவன் சொன்னத, சொன்னபடியே எழுதுங்க. அவியளுக்கு எம்மகன் வாசிச்சுக் காட்டுவான்."

இருளப்பனிடம் விஷயத்தைச் சொல்லி, பொன்னாடை வேண்டாம் என்றேன். போனில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. அநேகமாக உட்கார்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். "துணி வாங்கியாச்சே மேடம். திருப்பி எடுக்க மாட்டானே" என்றார் கடைசியில், வேறு எதையும் சொல்ல வராமல். நர்ஸுகளைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்களே, தேடுங்கள் என்றேன். கால்மாட்டில் நின்று பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். கண்டுபிடித்து அவர்களுக்குப் போர்த்துங்கள். அது அவர்களுக்கு உரியது.

என்னிடம் இருபது வருடமாக நிலுவையில் இருப்பது ஓர் ஒப்படைப்பு. மேட்ரன் முறைப்படி செய்கிறேன்.

நோயாளி: நாயக் காளிராஜ், தளவாய்புரம்.

புதன்கிழமை மாலை, குழாய் போடுவதற்குமுன் சொன்னது: "அக்கா, நாளைக்குப் பத்தரைக்கு முகூர்த்தம். இந்தச் சேதி போச்சுன்னா கல்யாணத்த நிறுத்திப்புடுவாக. ஒரு நாளு பொறுங்க. தாலி ஏறட்டும்."

காதால் கேட்டது: கேப்டன் கோமதி.

செய்யாதது: தாளை அன்றே அனுப்பவில்லை. அவன் சொன்னதை எழுதவில்லை. அவன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. மேட்ரனிடமும் சொல்லவில்லை.

ஆபீஸில் தாமதம் எதுவும் இல்லை.